அடிபட்ட பறவைக்கு ஆற்றும் உதவி

மயில் குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் பேகன். புறாவின் உயிர்க்கு ஈடாகத் தன் தசையை அரிந்து துலையில் இட்டான் சிபி. இவ்விருவர் கதைகளையும் இளமையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் பேகனைப் போற்றிய முன்னோர் அவன் செயலைக் கொடைமடம் என்றும் வழங்கினர். மயிலுக்குப் போர்வை பயன்படுமோ என ஆராயாது கொடுத்தமையே அதற்குக் காரணமாகும். அடிபட்ட காட்டுப் பறவையொன்று கையில் வந்து சேரும்போது நம்மிற் பெரும்பாலோர் பேகனின் நிலையிலேயே நிற்கின்றோம். இரக்கம் உண்டு, அவ்வுயிர்க்கு வேண்டியது யாது என்னும் அறிவு இல்லை. அவ்வறிவு இல்லாவிடின் இரக்கமே பறவைக்குக் கூற்றமாய் முடிதலும் கூடும்.

பாக்கு நீரிணையைக் கடந்து வரும் வலசைப் பறவைகளுக்கு யாழ்ப்பாணக் குடாநாடு தலைவாயில் போன்றது. பூநாரைகள் வந்து தங்கும் சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. ஆனால், வருவனவெல்லாம் களப்பை நாடிச் செல்வனவல்ல. ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டி வாழ்ந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. காலையும் மாலையும் ஆறு மணியளவிற் கூவுதலின் அப்பெயர் பெற்றது. பச்சை முதுகும், நீலந் தீட்டிய சிறகும், செந்நிற அடிவயிறும் உடைய அச்சிறு பறவை இரவிலே நெடுந்தூரம் பறந்து களைத்து, விளக்கொளியால் மயங்கிச் சுவரிலோ கண்ணாடி யன்னலிலோ மோதி வீழ்வதுண்டு. ஐப்பசி மாதத்து விடியற்காலையில் வீட்டு விறாந்தையில் அது கண்மூடிக் கிடக்கக் காண்போர் செய்வது யாது?

பிள்ளைகள் சூழ்ந்துகொள்வர். ஒருவர் பறவையை இறுகப் பற்றுவார். ஒருவர் அலகைப் பிரித்து நீர் ஊற்றுவார். மற்றொருவர் சோற்றைத் திணிப்பார். இம்மூன்றும் தீங்கு பயப்பனவாம். நம்மைப் போலப் பறவைக்குப் பிரிமென்றகடு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைதலினாலேயே அது மூச்சு விடுகின்றது. ஆதலின், மார்பை இறுகப் பற்றுதல் கழுத்தை நெரித்தலுக்கு ஒப்பாகும். மூச்சுக்குழலின் வாயில் நாவின் அடியிலேயே திறந்திருத்தலால், ஊற்றிய நீர் இரைப்பைக்குச் செல்லாது நுரையீரலுக்குட் புகுந்துவிடும். இவற்றினும் கொடியது அச்சம். காட்டுப் பறவைக்கு மனிதன் கொன்றுண்ணும் விலங்கே. நாம் அன்பெனக் கருதித் தடவுவதை அது சாவின் தீண்டலாகவே உணரும்.

எனவே, முதல் மருந்து இருளும் அமைதியுமே. மெல்லிய துணியொன்றைப் பறவையின்மேல் இட்டு, சிறகுகள் மடிந்திருக்குமாறு மெதுவாக எடுத்தல் வேண்டும். துளையிட்ட கடதாசிமட்டைப் பெட்டியில், இல்லையேற் பனையோலைக் கடகத்தில், பழந்துணி விரித்து அதனை இட்டு மேலே மூடிவைக்கலாம். பறவைகளின் உடல்வெப்பம் பெரும்பாலும் 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. அடிபட்டபோது அது விரைவிற் குறையும். ஆதலின், இளஞ்சூடான நீர் நிரப்பிய போத்தலொன்றைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒருபுறத்தில் வைத்தல் நன்று. பூனையும் நாயும் அணுகாத இடத்தில் ஒன்றிரண்டு மணிநேரம் திறந்து பாராமலே விட்டுவிடுக. மோதலால் மயங்கியது மாத்திரமாயின், பின்னர் வெளியே மரநிழலிற் பெட்டியைத் திறந்ததும் அது பறந்துவிடும்.

சிறகு தொங்குமாயினும், குருதி ஒழுகுமாயினும், பூனை கவ்வியதாயினும் தாமதியாது மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். பூனைப் பல்லின் தடம் ஊசிமுனையளவே தோன்றினும் அதன் வாயிலுள்ள நுண்கிருமிகள் ஓரிரு நாளிற் பறவையைக் கொன்றுவிடக்கூடும். பறவையின் எலும்பு சில வாரங்களிலேயே பொருந்திவிடும். அவ்விரைவே பிழையாகப் பொருந்தினாற் கேடாகின்றது. கோணிப் பொருந்திய சிறகு மீண்டும் பறவாது. காயத்துக்கு நல்லெண்ணெயும் மஞ்சளும் பூசும் வழக்கமும் இங்கு ஆகாது. எண்ணெய் தோய்ந்த இறகு வெப்பத்தைக் காக்காது, நீரையும் தடுக்காது. பட்டநூலோ தங்கூசியோ காலிற் சுற்றியிருப்பின் இழுத்தல் கூடாது; சிறு கத்தரியால் வெட்டியே அகற்றுதல் வேண்டும்.

நிலத்திற் காணப்படும் பறவைகளெல்லாம் அடிபட்டனவுமல்ல. இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பயில்வதாகும். தாய் அயலிலேயே இருக்கும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கையே. அதனை அண்மையிலுள்ள கிளையில் விட்டு விலகுதலே உதவியாம்.

சிலநாள் பேணவேண்டிய பறவைக்கு எதனை ஊட்டுவது? ஆறுமணிக் குருவி சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்பது. சோறும் பாலும் அதற்கு உணவல்ல. புலால் மறுத்த சைவ இல்லத்தார் இங்கே தயங்குதல் இயல்பே. தில்லியிலே 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சமணரின் பறவை வைத்தியசாலையும் இச்சிக்கலை எதிர்கொண்டது. ஊனுண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைத்துப் பேணாவிடினும், அவற்றின் காயத்துக்கு மருந்திட்டு அனுப்பும் வழக்கத்தை அது மேற்கொண்டது. தம்மால் ஊட்ட இயலாதார், இயன்றவரிடம் பறவையை விரைந்து சேர்த்தலே முறை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தலும் கடமையாகும்.

குணமான பறவையைக் கூட்டிலிட்டு வளர்க்கும் ஆசை பலர்க்கும் எழும். சட்டம் அதனைத் தடுப்பது ஒருபுறமிருக்க, கையிலிருந்து இரையுண்ணப் பழகிய பறவை பூனைக்கும் அஞ்சாது; பங்குனி சித்திரையில் வடதிசை நோக்கும் தன் இனத்தோடு செல்லவும் மாட்டாது. நம்மை விரும்பிய பறவை தன் வாழ்வை இழந்த பறவையே.

சிபி புறாவுக்கு மாத்திரம் இரங்கினானல்லன்; பருந்தின் பசியையும் அறிந்தான். ஆதலினாலேயே அதற்குத் தானியத்தை அன்றித் தசையை அளித்தான். ஒவ்வோர் உயிரையும் அதன் இயல்பறிந்து ஓம்புதலே அருளாகும். பெட்டியைத் திறந்ததும் நம்மைத் திரும்பியும் பாராது பறந்து மறையும் பறவையைக் கண்டு மகிழ நாம் பழகுவோமாக.