கனத்த சுவரும் கைவிட்ட வைஃபையும்

வளப்பூர் நாட்டிலிருந்தும் அரியூர் நாட்டிலிருந்தும் ஒரு நாள் கூலியை இழந்து, சாதிச் சான்றிதழுக்கோ ஓய்வூதியத்துக்கோ அரசு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்து நிற்கிற கொல்லிமலை ஜனங்களிடம், "நெட் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அடிவாரத்திலிருந்து வரும் இணைப்பு அறுந்துபோகிற நாட்களும் உண்டு என்பது மெய்தான். ஆனால் இணைப்பு வாசல்வரை சரியாக வந்திருக்க, கட்டடத்துக்குள்ளே சிக்னல் மடிந்துபோகிற நாட்களுக்கும் அதே பதிலைச் சொல்வதை எப்படிப் பொறுப்பது?

இரண்டடிக் கனத்தில் கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய கட்டடத்தில், அதிகாரியின் அறையிலே இரும்பு பீரோவின்மேல் ஒரே ஒரு ரூட்டரை வைத்துவிட்டு, நாலாவது அறையில் குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் வேலை செய்யவேண்டுமென்று எதிர்பார்ப்பது விவேகமாகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; கனத்த சுவர் அதை எளிதில் மறித்துவிடும். ஆகவே நாலு ஆன்டெனா முளைத்த விலையுயர்ந்த ரூட்டர் ஒன்றைக் காட்டிலும், கேபிள் வழியாக இணைத்த சாதாரண ஆக்சஸ் பாயின்ட்கள் மூன்று நான்கே அத்தகைய கட்டடத்துக்கு உகந்தவை. மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் ஸ்விட்ச் வாங்கினால், இடத்துக்கு இடம் பிளக் பாயின்ட் தேடவேண்டாம். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு வெளியே இழுப்பதானால், இடி மின்னல் மிகுந்த மலையில் கண்ணாடி இழையே க்ஷேமம்.

கேபிளில் நடக்கும் மோசடி தனி. நுனியை உரித்து, உள்ளே இருக்கும் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

வாங்குமுன் அளக்கவேண்டும். இரவலாக ஒரு ஆக்சஸ் பாயின்டைக் கொண்டுவந்து உத்தேசித்த இடத்தில் வைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு, மேசைக்கு மேசை போய்ச் செல்போன் செயலியில் காணும் சிக்னல் அளவைக் கட்டடப் படத்தில் குறியுங்கள். மைனஸ் 67 டிபிஎம் என்றால் திருப்தி. மைனஸ் 80 என்றால் வீண். கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலேயே, "ஒவ்வொரு மேசையிலும் மைனஸ் 67க்குக் குறையாமல் சோதித்துக் காட்டிய பின்னரே பட்டியல் பாஸாகும்" என்று நிபந்தனை எழுதுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் ஈ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்றின் நகலையும் கேளுங்கள். குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்ற சாக்கு இங்கே செல்லாது. நிபந்தனையைப் பூர்த்தி செய்கிறவர்களுக்குள்ளேதான் குறைந்த விலையைத் தேடவேண்டும். சோதனைக்கு முன் பணம் கொடுக்காதீர்கள். மார்ச் மாதத்தில் நிதி காலாவதியாகிவிடும் என்று யார் அவசரப்படுத்தினாலும், சோதனைக்கு முன் பணம் கொடுக்காதீர்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட ஜனங்களுக்கும் மார்க்கம் உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்படி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, வெள்ளைத்தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி விண்ணப்பம் எழுதுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணமே இல்லை. "ஏன் நெட் இல்லை" என்று கேட்டால் மழுப்பலான பதிலே வரும். கொள்முதல் ஆணை, பட்டியல், சோதனை அறிக்கை இவற்றின் நகல்களைக் கேளுங்கள். பிரிவு 2(j)-இன்படி வேலையை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. மனுவைத் தபாலிலேயே அனுப்பலாம். அனுப்பிய ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.