நகரும் கடைக்கு ஒரு வெப்சைட்

ஹோட்டலின் முகவரி மாறாது. ஃபுட் டிரக்கின் முகவரி தினமும் மாறும். 2008-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராய் சோய் சமையலில் 'கோகி' வண்டி கிளம்பியது. கொரிய இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோவில் வைத்து விற்றார்கள். அடுத்து எங்கே நிற்போம் என்று ட்விட்டரில் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்த்தார்கள்.

ஆக, வெப்சைட்டைத் திறக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: "இப்ப வண்டி எங்கே, எத்தனை மணி வரை?" முதல் திரையிலேயே பதில் இருக்கணும். பழைய பதில், பதிலே இல்லாததைவிட மோசம். நேற்றைய இடத்தை நம்பி வந்து காலி ரோட்டைப் பார்த்தவர் மறுபடி வருவது சந்தேகம்தான்.

அதற்கு மூன்று ஏற்பாடு:

1. ஒவ்வொரு இடத்தோடும் முடியும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். நேரம் தாண்டினால் அந்த இடம் தானாக மறையட்டும்.

2. சர்வரில் 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்' என்று கொடுங்கள். பிரவுசர் தன்னிடம் உள்ள பழைய பக்கத்தை, சர்வரிடம் கேட்காமல் காட்டாது.

3. அடுப்பு முன்னால் நிற்பவர் போனிலேயே சட்டென்று இடத்தை மாற்ற முடியணும். லேப்டாப்பைத் திறக்கணும்னா, வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் யாரும் மாற்றமாட்டார்கள்.

லோகோ, படங்களை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.