"வெறும் ஆவிதானே, சார்?"

மருந்துச் சீட்டை எழுதி முடிக்கும் வேளையில்தான் நோயாளிகள் பலர் தம் மனத்திலிருக்கும் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். குடியாத்தத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்திருந்த அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் நெடுங்கால வேலை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எழுந்து செல்லுமுன், சட்டைப் பையிலிருந்து பேனாவைப் போன்ற சிறு குழாய் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். மாம்பழ வாசனை வீசியது. "பீடியை விட்டுட்டேன் சார். மச்சான் துபாய்லேருந்து இதைக் கொண்டுவந்து குடுத்தாரு. வெறும் ஆவிதானே, சார்?"

அருகில் நின்ற அவருடைய மனைவி எதுவும் பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் சரியாக நடந்துகொள்ளவில்லை. மின் சிகரெட் தடை செய்யப்பட்ட பொருள் என்பதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் குழாயை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த பரிசோதனைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மனைவி வற்புறுத்தி அழைத்துவந்தபோது, காலையில் மூன்று பீடி, மாலையில் மூன்று பீடி, இடையிடையே அந்தக் குழாய் என்று கணக்கு மாறியிருந்தது. புகையை விட முயன்ற ஒருவரை, முயன்ற வழி தவறு என்பதற்காக, நாங்கள் தனியே விட்டிருந்தோம்.

அதன்பின் புகைப்பவர்களிடம் இதைப் பற்றி நாங்களே முதலில் கேட்கத் தொடங்கினோம். கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை என்பது புரிந்ததும் பலர் மனம்விட்டுப் பேசினார்கள். ஷூ கம்பெனியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், "குழந்தையைத் தூக்கினா நாத்தம் இல்ல சார்" என்றார். தோல் நாற்றத்தை மறக்கவே பீடி பிடிக்கத் தொடங்கியதாகச் சொன்ன ஒருவருக்கு, இப்போது பழவாசனை அந்த வேலையைச் செய்கிறது. இன்னொருவர் சொன்னதை எங்களால் மறக்க முடியவில்லை: "பீடின்னா ஒரு முடிவு இருக்கு சார். விரல் சுட்டா கீழே போட்டுடுவோம். இதுக்கு முடிவே தெரியல."

எந்த மருத்துவ நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

அந்தக் குழாயிலிருந்து வருவது வெறும் நீராவி அன்று. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோடின், மணப்பொருள்கள் ஆகியவை கலந்த திரவம் மின்கலத்தின் சூட்டில் நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் செல்கிறது. புகையிலை எரியாததால், பீடியிலும் சிகரெட்டிலும் உண்டாகும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடும் தாரும் இதில் உண்டாவதில்லை. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிற, மூளையை மீண்டும் மீண்டும் கேட்கவைக்கிற நிக்கோடின் அப்படியே இருக்கிறது.

"அப்படியானால் வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்களாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2019-இல் இங்கிலாந்தில் 886 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் மின் சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், நிக்கோடின் சூயிங்கம், பட்டை போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் புகைப்பதை நிறுத்தியிருந்தனர். அதே ஆய்வின் மறுபக்கமும் உண்டு. அவ்வாறு நிறுத்தியவர்களில், மின் சிகரெட் பெற்ற பிரிவில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் அதை இழுத்துக்கொண்டிருந்தனர். மற்றப் பிரிவில் தமக்குத் தந்ததைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினரே. மேலும், இரு பிரிவினருக்கும் குறைந்தது நான்கு வாரங்கள், வாரந்தோறும் நேரில் ஆலோசனை வழங்கப்பட்டது. மச்சானின் பெட்டியில் வந்த குழாயோடு அந்த ஆலோசனை வருவதில்லை. உள்ளே எவ்வளவு நிக்கோடின், வேறு என்ன கலந்திருக்கிறது என்பதற்கும் உறுதி இல்லை. அதே 2019-இல் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளால் நுரையீரல் பாதிக்கப்பட்டு 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய, கஞ்சாச் சத்தும் வைட்டமின் ஈ அசிடேட்டும் கலந்த திரவங்களே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டன. எல்லாக் குழாய்களும் அப்படியல்ல. ஆனால் கையிலிருப்பது எப்படிப்பட்டது என்பதை இங்கே யாரால் சொல்ல முடியும்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2018-இலேயே மின் சிகரெட் தடை செய்யப்பட்டது. 2019 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் அவசரச் சட்டமும், அவ்வாண்டின் இறுதியில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஊருக்கு வரும் உறவினரிடம் "வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள்" என்று கேட்பவர்கள் அவரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறார்கள்.

எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கமே. பதினைந்து பீடி ஆறாகக் குறைந்தால் ஆபத்தும் அந்த அளவுக்குக் குறையும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இதயம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு. பீடி இலையில் சுற்றியது, இயற்கையானது என்ற எண்ணமும் தவறு. அது அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் மிகுதியாகவே உள்ளே செல்கின்றன. தோல் தூசியே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டிருக்க, அதில் உழைப்பவர் புகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டப்படி கிடைக்கும், சோதித்தறியப்பட்ட வழிகள் உள்ளன. அவற்றுள் எளிது நிக்கோடின் சூயிங்கம். ஆனால் பெரும்பாலோர் அதைத் தவறாகவே பயன்படுத்துகிறார்கள். சாதாரண சூயிங்கம்போல் மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலுமே மிஞ்சும். மெதுவாக மென்று, காரமான சுவை தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரைமணி நேரம். டீ குடித்துக் கால் மணி நேரத்துக்குள் மென்றால் நிக்கோடின் சரியாக உட்கவராது. தோலில் ஒட்டும் பட்டையையும் சேர்த்துக்கொண்டால் பலன் கூடும். வரெனிக்லின், புப்ரோப்பியான் போன்ற மாத்திரைகளும் உண்டு. இதயநோயாளிகளும் வலிப்பு உள்ளவர்களும் எதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு இலவசத் தொலைபேசிச் சேவையிலும் ஆலோசனை பெறலாம்.

ரமலானில் விடியல் முதல் மாலை வரை ஒரு பீடியும் தொடாத எத்தனையோ பேரை ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பார்க்கிறோம். "முடியவே முடியாது" என்று சொல்பவரிடம் நாங்கள் அதைத்தான் நினைவூட்டுகிறோம். நோன்பு திறந்து கஞ்சி குடித்த மறு நிமிடமே கை தீப்பெட்டியைத் தேடும். தடுக்க வேண்டியது அந்த ஒரு நிமிடத்தைத்தான். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். முதல் வாரமே மிகக் கடினமானது.

குடும்பத்தாருக்கு ஒன்று. வீட்டில் அந்தக் குழாயோ திரவமோ இருந்தால் குழந்தைகளுக்கு எட்டாமல் அகற்றுங்கள், விழுங்கினால் நஞ்சு. ஒளித்து வைத்திருப்பதைக் கண்டால் சண்டையிடாமல் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மையார் பேசினார். "வீட்ல ஒக்காந்து பீடி சுத்துறவளே நான்தான் சார். ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. நான் எந்த வாயால இவரை விடச் சொல்லுவேன்?" எங்களிடம் அதற்கு மருந்துச் சீட்டு இல்லை. அவரே ஒரு வழி கண்டார். முறத்தையும் தூளையும் எடுத்துக்கொண்டு இப்போது அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுற்றுகிறார்; கணவர் வேலையிலிருந்து திரும்புமுன் கைகழுவி, சேலை மாற்றிக்கொள்கிறார். கணவர் பட்டையும் சூயிங்கமுமாகப் பதினோரு வாரங்களைக் கடந்திருக்கிறார். இடையில் இரண்டு முறை தவறினார். இரண்டு முறையும் மறைக்காமல் வந்து சொன்னார். மாம்பழ வாசனைக் குழாய் எங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.