நெய்தல் நிலத்து விருந்தும் போரும்: ‘பைசா’ என்னும் இத்தாலியத் திரைப்படம்

மரக்காணத்து உப்பளங்களையும் அவற்றை அடுத்துள்ள கழுவேலிச் சதுப்பையும் கண்டார்க்கு, நிலம் எங்கே முடிகின்றது, நீர் எங்கே தொடங்குகின்றது எனத் துணிதல் அரிதாகும். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர், அப்பட்டினத்துப் பரதவரிடம் தேறலும் சுட்ட உலர்மீனும் பெறுவர் என அப்பாட்டால் அறிகின்றோம். நெய்தலின் இவ்விருந்தோம்பல் போர்க்காலத்தில் என்னாகும் என்னும் வினாவுக்கு விடை தரும் இத்தாலியப் படமொன்றை ஈண்டு ஆராய்வாம்.

ரொபெர்த்தோ ரொசெல்லினி இயக்கிய ‘பைசா’ என்னும் கருப்பு வெள்ளைப் படம் 1946-இல் வெளிவந்தது. இப்பெயரைக் காசு எனப் பொருள் கொள்ளுதல் கூடாது. ‘நம் ஊரவன்’ என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லொன்றின் கடைக்குறை வடிவமே இது. 1943 சூலையில் நேசநாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கியது முதல் 1944-ஆம் ஆண்டின் குளிர்காலம் வரை, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஆறு கதைகள் செல்கின்றன. சிசிலி, நேப்பிள்சு, உரோம், புளோரன்சு, மலைநாட்டு மடம் ஒன்று, போ ஆற்று முகத்துவாரம் என்பன அவற்றின் களங்கள். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத எளிய மக்கள் பலரும் இதில் நடித்துள்ளனர்.

ஆறாங் கதையே நம் ஆய்வுக்குரியது. நாணலும் கழியுமாய்க் கிடக்கும் அந்நிலத்தில் இத்தாலிய மறைப்போர் வீரரும் அமெரிக்கர் சிலரும் செருமானியப் படையால் சூழப்பட்டு வாடுகின்றனர். மீனவர் குடும்பமொன்று தம்மிடம் உள்ள விலாங்கு மீனைப் பகிர்ந்தளிக்கின்றது. பின்னர்க் காணுங்கால், உணவளித்தோர் பிணமாய்க் கிடக்க, சிறு குழந்தை ஒன்று அழுதவண்ணம் அவரிடையே திரிகின்றது. முடிவில் வீரர் அனைவரும் சிறைப்படுகின்றனர். அமெரிக்கர் போர்க்கைதிகளாகக் கொள்ளப்பட, இத்தாலியரோ சட்டத்துக்குப் புறம்பானவர் எனக் கைகள் கட்டப்பட்டுப் படகிலிருந்து நீரில் தள்ளப்படுகின்றனர். அதனைத் தடுக்க ஓடிய அமெரிக்கர் சுடப்படுகின்றார்.

தொல்காப்பியர் நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாகவும் தும்பையை அதன் புறமாகவும் வகுத்தார். இரங்கல் அகத்திணையில் பிரிவுத்துயரைக் குறித்தலின், அதனை அக்குழந்தையின் அழுகைக்கு அப்படியே பொருத்துதல் முறையாகாது. தும்பையோடு ஒப்பிடுதல் தெளிவு தரும். வலிமையே பொருளாக வந்த வேந்தனை எதிர்சென்று பொருதல் தும்பையாகும். ஆண்டு இருதிறத்தாரும் படை தாங்கியவர். போ ஆற்றில் மாண்ட மீனவரோ உணவளித்த கையினர்; வீரரோ இறுதியில் கட்டுண்ட கையினர். ஆகவே அது தும்பை அன்று. படம் மறத்தைப் புகழாது, வீழ்ந்தோரை மட்டும் காட்டி அமைவதன் காரணம் இதுவே எனலாம். நிலமும் அங்கு வெறும் பின்னணியன்று. தாழ்ந்த நாணலும் பரந்த நீரும் மறைவிடம் மிகுதியாகத் தாராமையின், நிலத்தின் இயல்பே கதையின் முடிவை விரைவுபடுத்துகின்றது.

தமிழிலும் போர்க்காலப் படங்கள் தோன்றின. சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘பர்மா ராணி’ 1945-இல் வெளிவந்தது. சப்பானியர் வயப்பட்ட பர்மாவில் சிக்கிய இந்திய வானூர்தி வீரரைப் பற்றியது அது. ஆங்கில அரசின் போர் முயற்சிக்குத் துணையாக எழுந்தமையின், பகைவர் கொடுமையும் நம்மவர் வெற்றியும் அதற்கு வேண்டியனவாயின. ‘பைசா’ போர் முடிந்தபின் எடுக்கப்பட்டது. ஊக்கமூட்டும் கடமை அதற்கு இல்லை. எனவே இழப்பை இழப்பாகவே காட்ட இயன்றது. இவ்வேறுபாடு கலைஞர் திறத்தால் மட்டும் விளைந்ததன்று. காலமும் நோக்கமும் வேறாதலால் விளைந்தது என்க.

எயிற்பட்டினத்துப் பரதவர் பாணரை ஐயுறவில்லை. போ ஆற்று மீனவரும் பசித்து வந்தோரை ஐயுறவில்லை. முன்னவர்க்குப் பாட்டில் இடம் கிடைத்தது. பின்னவர்க்கு உயிர் போயிற்று. அயலானையும் ‘ஊரவனே’ என விளிக்கும் சொல்லையே ரொசெல்லினி படத்துக்குப் பெயராக்கினார். அச்சொல்லுக்கு எளிய மக்கள் கொடுத்த விலை யாது என்பதே அப்படத்தின் பொருளாகும். மரக்காணத்து அளங்களில் வெயிலில் உப்பு வாரும் மக்களை நெய்தலின் கருப்பொருளாக மட்டும் எண்ணிப் பயின்ற நமக்கு, அந்நிலத்தின் தலைமக்கள் அவரே என உணர்த்துதலின், இப்படம் திணை பயில்வார்க்கும் உரியதாகின்றது.