ஜூலையில் ஹீரோ... செப்டம்பரில்? பேஸ்பால் ஆச்சரியங்கள் தெரியுமா?

அமெரிக்காவில் ஜூலை பிறந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்களுக்குக் கை பரபரக்கும்! இந்த சீசனில் யார் சூப்பர், யார் சொதப்பல் என்று பட்டியல் போட்டே ஆக வேண்டும். மேஜர் லீகில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள், மொத்தம் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காகச் சில நாள் இடைவேளை விடுவார்கள். தீர்ப்பு வாசிக்க அதுதான் முகூர்த்தம். பாதிக் கிணறு தாண்டும்போது சொன்ன அந்தத் தீர்ப்புகள் எத்தனை முறை தலைகீழாகப் புரண்டிருக்கின்றன, தெரியுமா?

முதலில் கிறிஸ் டேவிஸ். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் அதிரடி பேட்டர். 2013-ல் ஆல்ஸ்டார் இடைவேளைக்குள் அவர் அடித்த ஹோம் ரன்கள் 37! நம் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிடும் அடி அது. அமெரிக்கன் லீகில் அதற்கு முன் 1969-ல் ரெஜி ஜாக்சன் மட்டும்தான் இடைவேளைக்குள் அத்தனை அடித்திருந்தார். ஆல்ஸ்டார் அணிக்கான ரசிகர் வாக்கெடுப்பில் நாட்டிலேயே முதலிடமும் டேவிஸுக்குத்தான். சீசன் முடிவில் 53 ஹோம் ரன். 2016-ல் 7 ஆண்டுக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம்!

அதே டேவிஸ் 2018-ல் என்ன ஆனார், தெரியுமா? 470 வாய்ப்பில் 79 ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸைப் பிடித்தது 79 முறைதான். சராசரி 0.168. சீசன் முழுக்க ஆடியவர்களில் நவீன பேஸ்பால் இவ்வளவு குறைந்த சராசரியைக் கண்டதே இல்லை. அத்தோடு விட்டதா? அந்த செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை தொடர்ந்து 54 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லை! ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்து போய், வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதை 54 முறை செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 2019 ஏப்ரல் 13, பாஸ்டனின் ஃபென்வே பார்க். முதல் இன்னிங்ஸிலேயே பந்து வலப்பக்கம் தப்பி ஓட, இரண்டு ரன் வந்து சேர்ந்தது. அதுதான் அந்தச் சோகத் தொடரை முறித்த ஹிட். அன்றைக்கே மேலும் இரண்டு அடித்தார்!

டேவிஸ் சரிய ஐந்து வருடம் ஆயிற்று. பாதி சீசனுக்குள்ளேயே இப்படிப் புரள முடியுமா? முடியும், கணக்கே சொல்கிறது! நூற்றுக்கு 27 ஹிட் அடிக்கும் திறமைசாலி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பாதி சீசனில் சுமார் 300 வாய்ப்பு கிடைத்தால் 81 ஹிட் வர வேண்டும். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் மட்டுமே அதை 73 ஆக்கலாம், 89 ஆகவும் ஆக்கலாம். 73 என்றால் 0.243, பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்வார்கள். 89 என்றால் 0.297, ஆல்ஸ்டார் பேச்சு எழும். இரண்டுக்கும் வித்தியாசம் 16 ஹிட், ஏறத்தாழ ஐந்து ஆட்டத்துக்கு ஒன்று. ஒரு பந்து ஃபீல்டரின் கையுறையை உரசிக்கொண்டு போனதா, உள்ளே விழுந்ததா என்பதுதான்! ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை இந்த எல்லையைத் தொடும், அல்லது தாண்டியும் விலகும். என்னைக் கேட்டால், ஜூலைப் பட்டியல் போடும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

பந்து வீசும் பிட்சர்கள் கதையும் இதேதான். கொலராடோவின் உபால்டோ ஹிமெனெஸ் 2010 இடைவேளையில் 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி! அதன் பிறகு? 4 வெற்றி, 7 தோல்வி. சிகாகோ கப்ஸின் ஜேக் அரியெட்டாவுக்கு 2015 ஆல்ஸ்டார் அணியில் இடமே கிடைக்கவில்லை. இடைவேளை முடிந்து வந்தவர் 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, தன் கணக்கில் விட்டுக்கொடுத்த ரன்கள் வெறும் 9. சிறந்த பிட்சருக்கான அந்த ஆண்டின் சை யங் விருது அவர் வீட்டுக்குத்தான் போனது!

சிறந்தவர்களை ரசிகர்கள் வாக்குப் போட்டே தேர்ந்தெடுக்கலாமே என்கிறீர்களா? 1957-ல் நடந்ததைக் கேளுங்கள். சின்சினாட்டி ஊரே திரண்டு வாக்குகளைக் குவித்ததில், நேஷனல் லீகின் 8 இடங்களில் 7 இடம் சின்சினாட்டி ஆட்டக்காரர்களுக்கே! ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் தலையிட்டு இருவரைக் கழற்றினார். அவர்களுக்குப் பதில் உள்ளே வந்தது யார் தெரியுமா? வில்லி மேஸும் ஹேங்க் ஆரனும்! சரித்திரம் கொண்டாடும் அந்த இரண்டு மகா ஆட்டக்காரர்களையும் விட்டுவிட்டு ஒரு ஆல்ஸ்டார் அணி! அதன் பின் ரசிகர்களிடமிருந்து வாக்குரிமை பறிக்கப்பட்டது; அது திரும்பக் கிடைத்தது 1970-ல்தான்.

மோசமான அணியிலும் முத்து இருக்கும். எந்த அணியானாலும் ஆல்ஸ்டாருக்கு ஒருவராவது வர வேண்டும் என்பது விதி. 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் இடைவேளையில் 27 வெற்றி, 71 தோல்வி. முடிவில் 121 தோல்வி! அந்த அணியிலிருந்து ஆல்ஸ்டாருக்கு வந்த பிட்சர் கேரட் குரோஷே, அடுத்த ஆண்டே பாஸ்டனுக்குப் போய் 255 ஸ்ட்ரைக்அவுட்டுடன் மேஜர் லீகிலேயே முதலிடம்.

அணியே புரண்ட அதிசயம் 1914-ல் நடந்தது. ஜூலை 4 அன்று பாஸ்டன் பிரேவ்ஸ் நேஷனல் லீகில் கடைசி இடம். முதலிடத்துக்கும் அவர்களுக்கும் 15 ஆட்ட இடைவெளி. சீசன் முடிந்தபோது அவர்கள்தான் முதலிடம், அதுவும் பத்தரை ஆட்ட வித்தியாசத்தில்! இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் பிலடெல்பியா அத்லெடிக்ஸை நாலுக்குப் பூஜ்யம் என்று துடைத்தெடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டிரே டர்னர் கதை. 2023-ல் 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்பியா பில்லீஸுக்கு வந்தவர். அடி விழவில்லை; ஆகஸ்ட் ஆரம்பத்தில் சராசரி 0.235. ஏமாற்றப் பட்டியல்களில் எல்லாம் அவர் பெயர். சொந்த ஆட்டக்காரரையே கூச்சலிட்டு விரட்டுவதில் பெயர் பெற்றது பிலடெல்பியா. ஆனால் ஆகஸ்ட் 4 அன்று அவர் பேட்டோடு வந்தபோது மைதானமே எழுந்து நின்று கை தட்டியது! அதற்கு முன் 10 ஹோம் ரன் அடித்திருந்தவர், அதற்குப் பிறகு 16 அடித்தார். அந்த சீசனில் 30 முறை பேஸ் திருட, அதாவது அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸைப் பிடிக்க ஓடி, 30 முறையும் மாட்டவில்லை! நன்றி சொல்லி டர்னர் ஊர் முழுக்க விளம்பரப் பலகைகளே வைத்துவிட்டார், தெரியுமா?