காலையில் முகம் வீங்குவது ஏன்?

ஜேடர்பாளையம் படுகையணையில் பிரியும் காவிரி நீர், ராஜ வாய்க்கால் வழியே பரமத்தி வேலூர் வட்டாரத்து வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் பாய்கிறது. அந்த வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்து விழுந்தால் என்ன ஆகும்? அடைப்புக்கு மேற்புறம் நீர்மட்டம் உயரும். காய்ந்து கிடந்த சிறு கால்களில் எல்லாம் நீர் புகுந்து சுற்றிக்கொண்டு ஓடும். நம் மார்புக்குள்ளும் இத்தகைய வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் பெயர் மேற்பெருஞ்சிரை.

தலை, கழுத்து, கைகள், மேல்மார்பு ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தத்தை இதயத்தின் வலது மேலறையில் சேர்ப்பது இச்சிரையே. இதன் நீளம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதன் வழியாகவே வருகிறது.

இதன் சுவர் மெல்லியது. உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தமும் குறைவு. அருகில் இருப்பவையோ மூச்சுக்குழல், பெருந்தமனி, நிணநீர்க் கணுக்கள். இவ்விடத்தில் கட்டி ஒன்று வளர்ந்தால், அழுத்தம் மிகுந்த தமனி எளிதில் வளைந்து கொடுக்காது, சிரை நசுங்கிவிடும்.

அப்போது தோன்றும் அறிகுறிகளை நீங்களே ஊகிக்கலாம். முகமும் கழுத்தும் கைகளும் வீங்கும், கால்கள் வீங்குவதில்லை. இரவெல்லாம் படுத்திருப்பதால் இரத்தம் தலைப்பக்கமே தேங்கி, காலையில் வீக்கம் அதிகமாக இருக்கும். எழுந்து நடமாடினால் சற்றுக் குறையும். குனிந்தால் தலை கனக்கும். கழுத்து நரம்புகள் புடைத்து நிற்கும். மார்பின் தோலில் நீல நிறச் சிரைகள் கொடிபோல் படரும். இவையே அந்தச் சிறு கால்கள்! இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வரலாம்.

1757-ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் இந்நிலையை முதன்முதலில் விவரித்தார். அவர் கண்ட நோயாளிக்கு, மேகநோயால் பெருந்தமனி புடைத்துச் சிரையை நெருக்கியிருந்தது. இன்று பெரும்பாலும் நுரையீரல் புற்றும் நிணநீர்ப் புற்றுமே காரணங்கள். காசநோயாலும் இது வருவதுண்டு. டயாலிசிஸ் குழாய், பேஸ்மேக்கர் கம்பி ஆகியவற்றைச் சுற்றி இரத்தம் உறைவதாலும் அடைப்பு நேர்கிறது.

சி.டி. ஸ்கேன் படம் அடைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும். கட்டியின் தன்மையை அறியச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். முன்பெல்லாம் இச்சோதனைக்குக் காத்திராமல் உடனே கதிர்வீச்சு கொடுப்பது உண்டு. மூச்சோ மூளையோ பாதிக்கப்படாத வரையில், சோதித்து அறிய அவகாசம் உண்டு என்பது இப்போது தெளிவாகியுள்ளது. சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. நிணநீர்ப் புற்றுக்கு மருந்துகள். சில கட்டிகளுக்குக் கதிர்வீச்சு. இரத்த உறைவுக்கு உறைவெதிர் மருந்து. நெருக்கம் கடுமையாக இருந்தால், தொடைச் சிரை வழியே ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலைச் செலுத்தி, நசுங்கிய இடத்தை விரித்து வைக்கிறார்கள். பெரும்பாலோர்க்கு ஓரிரு நாட்களிலேயே வீக்கம் வடியத் தொடங்கும்.

முகவீக்கம் எல்லாம் இந்நோய் அல்ல. சிறுநீரகக் கோளாறும் ஒவ்வாமையும் கூட முகத்தை வீங்கச் செய்யும். ஆனால் முகவீக்கத்துடன் கழுத்து நரம்பு புடைத்து, மார்பில் சிரைகளும் தெரிந்தால் காலம் கடத்தலாகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, நிணநீர்ப் புற்றைத் தற்காலிகமாகச் சுருக்கி, சோதனையில் அடையாளம் தெரியாமல் செய்துவிடக்கூடும். வீக்கம் வடிந்ததே என்று வீட்டில் இருந்துவிட்டால், குணமாக்கக்கூடிய நோயும் முற்றிவிடும்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மூச்சு இரைந்து ஒலித்தாலோ, நினைவு தடுமாறினாலோ, நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், தலையை உயர்த்திச் சாய்த்தபடி உடனே கொண்டு செல்லுங்கள். வாய்க்காலில் நீர் தேங்கினால், தேங்கிய நீரை இறைத்துக் கொண்டிருப்பதில் பயனில்லை. சரிந்த கரையைத் தேடிப் போவதுதான் அறிவுடைமை.