காதால் பார்த்த படங்கள்

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கல்யாண வீடோ, கோயில் திருவிழாவோ, சாப்பாட்டுக் கடை வரிசையோ, குரலை அடையாளம் கண்டுகொண்ட மறுநிமிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "படம் எப்படிங்க இருக்கு?" எந்தப் படம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அந்த வாரம் வந்த படத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். ஒலிபரப்பில் இதற்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. பாடலைப் போடுவதும், வந்த நடிகரை வரவேற்றுப் பேசுவதும்தான் அங்கே என் வேலை. எழுத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே 2025-இல் என் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் பார்த்த சில படங்களைப் பற்றி மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் போடும் பழக்கம் எனக்கில்லை.

முன்கூட்டியே ஒன்று. ஒலியோடு பிழைப்பு நடத்துவதால் நான் படத்தைக் கண்ணைவிடக் காதால்தான் அதிகம் பார்ப்பேன். ஒளிப்பதிவு பிரமாதம் என்று பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான், அந்தப் பாத்திரம் ஏன் திருநெல்வேலியில் பிறந்து கோடம்பாக்கத்தில் வளர்ந்ததுபோல் பேசுகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

'தக் லைஃப்' படத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் என் காது முதலில் ஏமாந்தது. 1987-இல் 'நாயகன்' தந்த கமல்ஹாசனும் மணிரத்னமும் 38 ஆண்டுகள் கழித்துச் சேர்கிறார்கள், ஏ.ஆர். ரஹ்மான் இசை. படம் வருவதற்கு முன் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த விருப்பப் பாடல்களில் 'முத்த மழை' தனி ராஜ்ஜியம் நடத்தியது. தீ பாடிய பதிவு ஒரு பக்கம், இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாடியது மறுபக்கம் என்று நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஜூன் 5-ஆம் தேதி போய் உட்கார்ந்தால், படத்தில் அந்தப் பாட்டே இல்லை! கறுப்பு வெள்ளையில் வரும் தொடக்கக் காட்சி நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு யார் யாரை ஏன் சுடுகிறார்கள் என்பதில் எனக்கு அக்கறை வரவில்லை. திரிஷாவுக்கு எழுதப்பட்ட பாத்திரத்தைப் பற்றி மரியாதையாக ஒன்றும் சொல்ல முடியாது, விட்டுவிடுகிறேன்.

'கூலி' படத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ரஜினி என்றால் உயிர். 'அபூர்வ ராகங்கள்' வந்த 1975-இலிருந்து கணக்கிட்டால் ரஜினிக்குத் திரையில் அது ஐம்பதாவது ஆண்டு. அந்தப் பொன்விழாவைத் திரையரங்கில்தான் கொண்டாட வேண்டும் என்று பிடிவாதம். கொண்டாடினார், பாதி நேரம் இரண்டு காதிலும் கை வைத்துக்கொண்டு. "அவர் பேசுறதே காதுல விழல, டமார் டுமீர்னு ஒரே சத்தம்" என்பதுதான் அவருடைய முழு விமர்சனம். என்னுடையதும் ஏறக்குறைய அதுதான். அனிருத் மேல் எனக்குக் கோபமில்லை. தனியாகக் கேட்கும்போது பாடல்கள் துள்ளுகின்றன, சௌபின் சாகிர் ஆடிய ஆட்டத்தை இன்னும் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வசனத்தின் வாலையும் பின்னணி இசை கடித்துத் தின்றால், பன்ச் வசனம் எப்படி நெஞ்சில் நிற்கும்? இன்னொரு குறை: 'மிஸ்டர் பாரத்' படத்துக்குப் பிறகு ரஜினியும் சத்யராஜும் சேர்ந்து நடிப்பது இதில்தான். அந்த இரண்டு குரல்களும் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினாலே டிக்கெட் காசு செரித்திருக்கும். கதை அதற்கு இடம் வைக்கவில்லை. இந்தியாவில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் வாங்கிய படம் என்பதால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கொஞ்சம் யோசிக்கவும்.

இனி, அந்த ஆண்டு நான் இரண்டு முறை பார்த்த ஒரே படம்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' மே 1-ஆம் தேதி வந்தது. அதே நாளில் சூர்யாவின் 'ரெட்ரோ'வும் வந்ததால் பெரிய அரங்குகளெல்லாம் அதற்குப் போய்விட்டன. நான் முதல் முறை பார்த்தபோது இருபது பேர்கூட இல்லை. அடுத்த வாரம் அதே படத்துக்கு முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. விளம்பரத்தால் வந்த கூட்டம் அல்ல, அத்தை சொல்லி மாமா, மாமா சொல்லி பக்கத்து வீடு என்று வந்த கூட்டம். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் கள்ளத்தனமாகப் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம், சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் அப்பா அம்மா. கடைக்குட்டியாக வரும் கமலேஷ் என்ற சிறுவன் படத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

இவர்களுக்குக் காவல்துறையைவிடப் பெரிய ஆபத்து எது தெரியுமா? பேச்சுதான். வாயைத் திறந்தால் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும், எங்கிருந்து வந்தோம் என்பது தெரிந்துவிடும். அதனால்தான் அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேசாதே என்று யோகிபாபு தலையில் அடித்துக்கொண்டு எச்சரிக்கிறார். ஆனால் சசிகுமாரின் தர்மதாஸ் யாரைப் பார்த்தாலும் பேசாமல் இருக்க முடியாத மனிதர். படத்தின் நகைச்சுவையும் பயமும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன. கடைசியில் அந்தத் தமிழுக்கு என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

இது நம் நாட்டில் வேறு விதமாகத் தைக்கிற விஷயம். பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மோடு இருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ், ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலுக்குப் போனவர்கள் அந்தத் தமிழைக் கேட்டிருப்பார்கள். என் பள்ளித்தோழி ஒருத்திக்கு இரண்டு தமிழ் உண்டு. வீட்டில் பாட்டியிடம் "வாங்கோ, இருங்கோ" என்று ஒன்று, பள்ளியில் எங்களோடு "வாலா, போலா" என்று இன்னொன்று. கேலி செய்வார்கள் என்று பாட்டியின் தமிழை அவள் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். படம் முடிந்ததும் அவளிடமிருந்துதான் எனக்கு முதல் குரல்பதிவு வந்தது. பேச்சைவிட மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் அதில் அதிகம்.

எங்கள் துறையிலும் இந்த ஒளிந்து வாழும் வேலை நடக்கத்தான் செய்கிறது. ஒலிவாங்கியைத் திறந்ததும் சிலருக்குச் சென்னைப் பையன் குரல் வந்துவிடும். ஈப்போவில் பிறந்து, கிள்ளானில் வளர்ந்து, "பசியாறியாச்சா" என்று கேட்கிற வாய், ஒலிபரப்பில் மட்டும் "மச்சி, செம்மல்ல" என்கிறது. நேயர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை, தொலைபேசியில் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். மலேசியத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது என்பதை வேறோர் ஊர்த் தமிழைப் பற்றிய படம் வந்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சிம்ரனின் உச்சரிப்பு சில காட்சிகளில் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, சில காட்சிகளில் எங்கும் இல்லை. அவ்வளவு நல்லவர்கள் மட்டுமே குடியிருக்கும் ஒரு தெருவை நான் இதுவரை கண்டதில்லை, இருந்தால் வாடகை எவ்வளவு என்று சொல்லுங்கள். அழ வேண்டிய இடத்துக்கு ஷான் ரோல்டனின் இசை ஒரு வினாடி முன்னாலேயே போய் நின்றுகொள்கிறது. அப்புறம் மலாய்த் துணைவரிகள். என்னோடு வந்த மலாய்த் தோழிக்குப் படம் பிடித்திருந்தது, ஆனால் அந்தக் குடும்பம் ஏன் பேசப் பயப்படுகிறது என்பது இடைவேளையில் நான் விளக்கும்வரை பிடிபடவில்லை. திரையின் அடியில் எல்லாத் தமிழும் ஒரே மலாய்தானே.

'3 பிஎச்கே' ஜூலையில் வந்தது. ஸ்ரீகணேஷ் இயக்கம், அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. 'சூர்யவம்சம்' ஜோடியான சரத்குமாரும் தேவயானியும் இதில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தலைவனும் தலைவியும். மூன்று படுக்கையறை வீடு ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான் கதை. காசு சேரும். மகனின் படிப்புக்குப் போகும். மறுபடி சேரும். மருத்துவச் செலவுக்குப் போகும். மறுபடி சேரும், மகளின் கல்யாணத்துக்குப் போகும். வீட்டு விலை மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

என் வயதில் இருப்பவர்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சேமநிதியின் இரண்டாம் கணக்கை மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பவர்கள், இந்தப் படத்தை ஒரு பேய்ப் படம் போலத்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா வேறு மாதிரி பார்த்தார். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கே வீடு வேலையோடு வந்தது, வேலை போனபோது வீடும் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் போன காலத்தில், மூன்று தலைமுறை பால் மரம் வெட்டிய குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்து ஓரங்களுக்கு வந்தன. நம்மவர் சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்த 'ஜகாட்' அந்தக் காலத்தைத்தான் காட்டியது. '3 பிஎச்கே' முடிந்து காரில் வரும்போது அப்பா சொன்னது: "அவனுக்கு வாங்க முடியாத வீடாவது கண்ணுல தெரிஞ்சுது. எங்களுக்கு வீடு வாங்கலாம்னே யாரும் சொல்லலை."

படத்தின் குறை, சோகத்தைத் தவணை முறையில் தருவது. மூன்றாவது அடியை நாம் முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். 46 வயது சித்தார்த்துக்குப் பள்ளிச் சீருடை மாட்டியிருப்பதைச் சகித்துக்கொள்ளத் தனிப் பொறுமை வேண்டும். ஆனால் பிடிக்காத வேலையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் பிற்பகுதிச் சித்தார்த் அசல். சம்பளம் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே திங்கட்கிழமையைப் பொறுத்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்குக் குறைந்தது நான்கு பேர் உண்டு.

ஆண்டின் தொடக்கத்தில் வந்த 'குடும்பஸ்தன்', 'டிராகன்' இரண்டும் ஜாலியாகப் பார்க்கலாம். வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடனில் மூழ்கும் மணிகண்டனைவிட, அவரைச் சீண்டிக்கொண்டே இருக்கும் அக்காள் கணவராக குரு சோமசுந்தரம் செய்யும் அட்டகாசம் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா இருக்கிறார், பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். 48 பாடங்களில் தவறிவிட்டுப் போலிச் சான்றிதழில் வேலை வாங்கும் 'டிராகன்' நாயகனுக்குக் கடைசியில் கிடைக்கும் தண்டனை நியாயமானதுதான். முதல் பாதி முழுக்க அவன் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்துக்கு அது போதவில்லை.

தீபாவளிக்கு வந்தவை இரண்டைச் சொல்ல வேண்டும், 'பைசன் காளமாடன்', 'டியூட்'. இரண்டும் அக்டோபர் 17. ஒன்று மாரி செல்வராஜ், அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. இன்னொன்று பிரதீப் ரங்கநாதன், மமிதா பைஜு, சாய் அபயங்கர் இசை, அரங்கம் நிறைய இளசுகள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்து அடுத்தடுத்த நாள் போனேன். இரண்டுமே சாதியைப் பற்றிய படங்கள். 'பைசன்' அதை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது, 'டியூட்' ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே பெண்ணின் அப்பாவான சரத்குமார் வாயால் சொல்ல வைக்கிறது. எனக்கு 'பைசன்'தான் பெரிய படம். மகன் விளையாடப் போனால் வெட்டுப்பட்டு வருவானோ என்று நடுங்கும் அப்பாவாக பசுபதி. அவர் கத்துவதைவிட வார்த்தை வராமல் மென்று விழுங்கும் இடங்களைக் கேளுங்கள். தென்மாவட்டத் தமிழ் அந்தப் படத்தில் யாரிடமும் பிசகவில்லை. காதல் பகுதியில் அரை மணி நேரம் குறைத்திருக்கலாம்.

தீபாவளி விருந்தில் இந்த இரண்டு படங்களையும் வைத்துப் பெரிய வாக்குவாதம் நடந்தது. "நம்ம நாட்டுல யாரு சாதி பார்க்கிறா? இதெல்லாம் அங்கே உள்ள கதை" என்று பெரியப்பா முடித்துவைக்கப் பார்த்தார். அவருடைய மகள், என் அக்காள் முறை, கணக்காய்வாளர், அதிகம் பேசாதவர். "அப்ப போன வருசம் என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க, உட்கார்ந்ததும் முதல்ல என்னப்பா கேட்டாங்க?" என்றார். வெளியே வெடிச்சத்தம் கேட்டது. பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அக்காள் மறுநாள் தானே டிக்கெட் எடுத்து அவரை 'பைசன்' பார்க்க அழைத்துப் போனதாகக் கேள்வி. அவர் என்ன சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை.

 எங்கள் பக்கத்துப் பேரங்காடியில் அப்போது 'டியூட்' நான்கு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 'பைசன்' ஒரே காட்சியாகிவிட்டிருந்தது, அதுவும் இரவு 10.45-க்கு.